நடுச் சேனல்

முதலாளி வேலுசாமி தன் கையாலேயே டீ கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே ஏதோ சரியில்லை என்று மெஹ்ரீனுக்குப் பட்டுவிட்டது. அந்தப் பட்டறையில் முதலாளி டீ வாங்கித் தருவார், மனசு நன்றாக இருக்கிற நாளில் போண்டாவும் சேர்ந்து வரும். ஆனால் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, சூடு தாங்காமல் கிளாஸைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி, அவரே மாடியேறி வந்து வைத்தது இதுதான் முதல் தடவை. வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஏசியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கீழே ஷெட் தெரிகிற ஜன்னலைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஏஞ்சாமி, அந்தக் கிளவுட்டுல பழைய படமெல்லாம் எத்தன நாளைக்கு இருக்குமுன்னு சொன்னே?"

"மூணு மாசமுங்ணா."

"அத ஒரு நாளாக் கொறச்சு உட்டுரு. பில்லு ஜாஸ்தியா வருது."

மாதா மாதம் அந்த பில்லைப் பார்ப்பவள் மெஹ்ரீன். பட்டறையின் டீச் செலவில் பாதிகூட வராது. வேலுசாமி இதுவரை அதை ஒரு நாளும் கேட்டதில்லை. கிளவுட் என்றால் ஏதோ இன்வெர்ட்டர் மாதிரி மாடியில் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிற சாமான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது அதன் விதிகள் பற்றியெல்லாம் கவலைப்படுகிறார் என்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க வேண்டியதுகூட இல்லை. படிக்கட்டில் கௌதமனின் ஷூ சத்தம் வந்து பாதியில் நின்றுவிட்டது. முதலாளியின் ஒரே மகன், கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன், அப்பா பேசி முடிக்கட்டும் என்று கீழேயே நிற்கிறான்.

அந்த மூன்று மாத விதி மெஹ்ரீன் போட்டது. நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு லாரி முழுதாக வராது. இன்ஜினும் சட்டமும் சக்கரமுமாக வெறும் சேஸிஸ்தான் வரும். கேபினும் லோடு ஏற்றுகிற பாடியும் இங்கேதான் கட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு படம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் படங்கள் கம்ப்யூட்டரில் கிடந்த கிடப்பைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'பைனல்' என்று ஒன்று இருக்கும். பக்கத்திலேயே 'பைனல் புதுசு', 'பைனல் கடைசி', 'பைனல் கடைசி அண்ணன் சொன்னது' என்று அதன் பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். வண்டி கட்டக் கொடுத்த பார்ட்டி போன் பண்ணி நீளத்தைக் கூட்டு, உயரத்தைக் குறை என்று சொல்லச் சொல்ல ஒன்று கூடும். ஒருமுறை ராசிபுரத்துக்காரருடைய முட்டை வண்டியைத் திருச்செங்கோட்டுக்காரருடைய போர்வெல் ரிக் வண்டி அளவுக்குக் கட்டி, பெயின்டும் அடித்து, எலுமிச்சம்பழம் வைக்கப் போகிற நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் மெஹ்ரீன் எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்றினாள். ஒரு வண்டிக்கு ஒரு ஃபைல், ஒரே பெயர். யார் எத்தனை தடவை மாற்றினாலும் அதே பெயரில்தான் சேமிக்க வேண்டும். கீழே ஷெட்டில் தூணோடு கட்டித் தொங்கவிட்ட டேப்லெட்டில், அவர்கள் பாஷையில் டேப்பில், எப்போதும் கடைசியாகச் சேமித்தது மட்டும் தெரியும். வெல்டர்கள் குழம்ப மாட்டார்கள். பழைய வெர்ஷன்கள் எல்லாம் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், யார் எப்போது சேமித்தது என்ற விவரத்தோடு வரிசையாக இருக்கும். மூன்று மாதம் தாண்டியதைக் கிளவுட்டே தானாக அழித்துவிடும். குப்பை சேராது. அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ரொம்பப் பெருமை. கௌதமனுக்குக்கூட ஃபைலைப் போட்டு எடுக்கத்தான் அனுமதி கொடுத்திருந்தாள். விதியைத் தொட அவள் ஒருத்தியால்தான் முடியும்.

அதனால்தான் டீ.

காரணம் இந்தப் பட்டறையில் பாடி கட்டிப் போன மணியனுடைய வண்டி. ஆத்தூர் ரோட்டில், வாழப்பாடி தாண்டி, இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு போன லாரி. குறுக்கே ஓர் ஆட்டுக் கூட்டம் வந்திருக்கிறது, டிரைவர் மணியன் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வண்டி நின்றது, குழாய்கள் நிற்கவில்லை. கேபினுக்கும் லோடுக்கும் நடுவே நிற்கிற இரும்புச் சுவரை முன்தடுப்பு என்பார்கள். டிரைவரின் உயிருக்கு அதுதான் காவல். அதைத் தாங்க மூன்று சேனல்கள், அதாவது ஆளுயர இரும்புத் தூண்கள், ஓரத்துக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக நிற்க வேண்டும். மணியன் வண்டியில் நடுவில் இருக்க வேண்டியது இல்லை. தடுப்பு அந்த இடத்தில் மடங்கி, குழாய்கள் கேபினுக்குள் வந்துவிட்டன. கெங்கவல்லிக்காரரான மணியனுக்குச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

முதலில் எல்லோரும் ஓவர்லோடு என்றுதான் பேசினார்கள். மெஹ்ரீனும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள், ஏனென்றால் நடுச் சேனலைப் படத்திலிருந்து எடுத்தவள் அவள். அந்த வண்டி கட்டும்போது வேலுசாமி மோகனூரில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருந்துகொண்டு போன் பண்ணினார். பின்னால் மேளச் சத்தம். "பார்ட்டி வெயிட்டு கொறையோணுங்கறாங்க சாமி, அந்த நடுச் சேனல எடுத்துரு, பாத்துக்கலாம்" என்றார். அவள் எடுத்து, அதே பெயரில் சேமித்தாள். கீழே டேப்பில் இரண்டு சேனல் தெரிந்தது. சின்னுசாமி மேஸ்திரி இரண்டு சேனல் வைத்து வெல்டிங் அடித்தார்.

போன வாரம் இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணைக்கு வருகிறது என்று தகவல் வந்ததும் பேச்சு மாறியது. படத்தில் மூன்று சேனல் இருக்கிறது, சின்னுசாமிதான் ஒன்றை வைக்காமல் எடைக்குப் போட்டுக் காசு பார்த்துவிட்டான் என்று வேலுசாமியே பட்டறை வாசலில் நின்று சொன்னார். வேலைக்கு வராதே என்றார். இருபது வருடமாக அங்கே இரும்பை வளைத்த மனிதர் அன்றைக்கு மாடிக்கு ஓடிவந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "அம்மிணி, டேப்புல ரெண்டுதானே இருந்துச்சு? எனக்குக் கண்ணு தப்பிப் போச்சா?" என்று கேட்டார். மெஹ்ரீன் ஃபைலைத் திறந்தாள். மூன்று சேனல் இருந்தது. அவளுக்கே தலை சுற்றியது. பழைய வெர்ஷன்களைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. முதலில் மூன்று, பிறகு, அவள் பெயரில், இரண்டு, பிறகு, விபத்து நடந்த மறுநாள், கௌதமன் பெயரில், மறுபடியும் மூன்று.

"ரெண்டுதானுங்க மேஸ்திரி இருந்துச்சு. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதைச் சின்னுசாமி ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

வேலுசாமி இப்போது தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நாம கையால எதையும் அழிக்கப் போறதில்ல. நீ போட்ட ரூலு, அதுபாட்டுக்கு அழிச்சுட்டுப் போவுது. நாளைக்கு யாரு கேட்டாலும், பழசெல்லாம் தானாப் போயிருமுங்கன்னு சொல்லிக்கலாம். பொய்யா அது?"

"மேஸ்திரிய எல்லாரும் திருடன்ங்கறாங்ளே, அது பொய்யில்லீங்களா?"

அவர் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. பாவம், சின்னப் பெண்ணுக்கு விவரம் பற்றவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. அதுதான் அவளை எரிச்சல்படுத்தியது.

"அந்தப் பழைய படத்துல யாரு பேரு இருக்குது?"

"என்ற பேருதானுங்க."

"நான் போன்ல சொன்னது எங்கீனாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம்? அந்தப் படம் வெளிய வந்தா மொதல்ல உன்னையத்தான் கேப்பாங்க. போலீஸ்காரன் உங்க ஊட்டுக்கு வருவான். அதெல்லாம் வேண்டாமுன்னுதான் வந்து உக்காந்திருக்கறேன். எனக்கு ஒரே பையன், அவனையும் பாக்கோணும். உன்னையும் பாக்கோணும். உங்க அத்தா இன்னிக்கு நேத்தா நம்ம கட்டடத்துல கடை வெச்சிருக்கறாரு?"

மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மிரட்டுகிறாரா, பாசமாகப் பேசுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. சொந்தக் கையால் வெல்டிங் பிடித்து மேலே வந்த மனிதர். யாருக்காவது கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் முதல் ஆளாக நிற்பார். அப்படிப்பட்டவர்கள் தங்களைக் கெட்டவர்கள் என்று ஒருநாளும் நினைத்துக்கொள்வதில்லை. மெஹ்ரீனுக்கும் பயம்தான்.  ஆனால் அந்த 'தானாகப் போய்விடும்' என்ற சொல்லை அவளால் விழுங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் குப்பை சேரக் கூடாது என்று போட்ட விதியைக் கொண்டுவந்து, ஒரு மனிதனைத் திருடனாக்குகிற வேலையை அதன் தலையில் கட்டப் பார்க்கிறார். கேட்டால் யாரும் செய்யவில்லை. மணியன் காலும் தானாகப் போனது, சின்னுசாமி பேரும் தானாகப் போனது.

"நாளைக்குக் காத்தால பேசறேனுங்ணா."

"மத்தியானம் இன்சூரன்ஸ் சர்வேயர் வாராரு. அதுக்குள்ளார முடிச்சுரு. டீயக் குடி, ஆறிப் போவுது."

அவர் இறங்கிப் போன பிறகு அவள் அந்த டீயை எடுத்துப்போய் வாஷ்பேசினில் ஊற்றினாள்.

மெஹ்ரீனின் அத்தா மொய்தீனுக்குப் பட்டறைக்கு எதிர்ச்சாரியில் தார்ப்பாய்க் கடை. லாரிக்குத் தார்ப்பாய், கயிறு, கொக்கி. வேலுசாமி கட்டுகிற ஒவ்வொரு வண்டிக்கும் தார்ப்பாய் அங்கேதான் வாங்க வேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு. சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பித்தளை வளையம் அடித்துக்கொண்டிருந்தவர், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கதை முடியும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்கெதுக்கும்மா இது" என்றார் கடைசியில்.

"நமக்கில்லாம யாருக்கு அத்தா? நான்தான எடுத்தேன்."

"அவரு சொன்னாரு, நீ எடுத்தே."

"அதச் சொல்லத்தான் போறேன்."

"யாரு நம்புவாங்க? போன்ல பேசுனது காத்தோட போச்சு. உம்பேரு மட்டும் அங்க நிக்கிது. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பட்டறைக்காரரு யோக்கியரு, அந்தப் பொண்ணுதான் தப்பாப் போட்டுருச்சும்பாங்க. நம்ம பேரக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் சேத்தித்தான் சொல்லுவாங்க, தெரியுமில்ல?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அழிக்க வேண்டாம், சரி. லீவு போட்டுட்டு ஊட்டுல படுத்துக்க. மூணு மாசம் முடிஞ்சா அதாவே போயிருமில்ல."

மெஹ்ரீனுக்குச் சுருக்கென்றது. முதலாளி சொன்ன அதே வார்த்தையை அத்தாவும் சொல்கிறார். ஒருவர் ஒரு நாளில் போகட்டும் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதத்தில் போகட்டும் என்கிறார். கெட்டவருக்கும் நல்லவருக்கும் நாள் கணக்கில்தான் வித்தியாசம். அத்தாவின் மேல் வந்த கோபத்தை அவளால் சரியாகக் காட்டக்கூட முடியவில்லை, ஏனென்றால் அவர் பயப்படுவது அவளுக்காக.

"சர்வேயர் நாளைக்கு வராரு அத்தா. நான் படுத்துக்கிட்டா மேஸ்திரிய எழுதிட்டுப் போயிருவாரு."

"செய்யறதுன்னா சத்தமில்லாமச் செஞ்சிருக்கலாமில்ல. என்கிட்ட எதுக்குச் சொன்னே?"

"சத்தமில்லாமச் செய்யத்தான் அவரு சொல்றாரு. நான் சொல்லிட்டுத்தான் செய்வேன். அவருகிட்டயும் சொல்லுவேன்."

மொய்தீன் மறுபடி சுத்தியலை எடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரையும், வீட்டுக்குப் போன பிறகும், அவர் அவளோடு பேசவில்லை. சோறு போடும்போது அம்மா வஹீதுன்னிசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வேலுசாமியும் கௌதமனும் சேர்ந்தே மேலே வந்தார்கள். டீ இல்லை. மெஹ்ரீன் கம்ப்யூட்டரில் விதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களுக்காகவே காத்திருந்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அவர்களைக் கண்டதும் மறந்து போயின. அதனால் நேராகச் சொன்னாள்.

"ஒரு நாளாக் கொறைக்க மாட்டேனுங்ணா. பூட்டப் போறேன்."

"பூட்டறதா? எதப் பூட்டறே?" என்றார் வேலுசாமி.

கௌதமனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் முகம் வெளுத்தது. "அக்கா, இருங்க. அதப் பண்ணாதீங்க. அது பண்ணுனா திருப்பவே முடியாது."

"தெரியும் கௌதமா. அதுக்குத்தான்."

கிளவுட்டில் அப்படியொரு வசதி உண்டு. பழைய வெர்ஷன்களை இத்தனை காலம் அழிக்கக் கூடாது என்று சொல்லிப் பூட்டலாம். பூட்டிய பிறகு அந்தக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது. முதலாளியால் முடியாது, மகனால் முடியாது, பூட்டியவளாலும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்தபோது, சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிகிற கிறுக்கர்களுக்காக வைத்திருக்கிறார்கள் போல என்று சிரித்திருக்கிறாள். இப்போது எத்தனை வருடம் என்று அது கேட்டது. வழக்கு என்றால் எவ்வளவு இழுக்கும் என்று யாருக்குத் தெரியும். பத்து என்று போட்டாள். உறுதியாகவா, இதைத் திரும்பப் பெற முடியாது என்று இன்னொரு தடவை கேட்டது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யோசிக்கவே நேரம் எடுத்துக்கொள்ளாமல், அழுத்தினாள்.

வேலுசாமி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "அந்தக் கரண்ட்டப் புடுங்குடா."

"அது இங்க இல்லீங்ப்பா" என்றான் கௌதமன். அழுகிற குரலில் சொன்னான்.

"அப்ப எங்கடா இருக்குது?"

 மும்பையிலோ ஐதராபாத்திலோ ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில், அடுக்கடுக்கான பெட்டிகளில் ஒன்றில், ஒரு லாரியின் முன்தடுப்புப் படம் இருக்கிறது என்று எப்படி விளக்குவது. வேலுசாமி நிமிர்ந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அடித்துவிடுவாரோ என்று மெஹ்ரீன் ஒரு நொடி நினைத்தாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"கணக்கையே மூடிப்போட்டா?"

"மூடலாமுங்க. பணங்கட்டாம உட்டா கொஞ்ச நாள்ல எல்லாமே போயிரும், இப்பக் கட்டிக்கிட்டிருக்கற வண்டிப் படமும் சேந்து. ஆனா அதத் தானாப் போச்சுன்னு சொல்ல முடியாதுங்ணா. நீங்கதான் மூடோணும். உங்க பேரு போட்டு, உங்க போனுக்கு நம்பரு வந்து, நீங்க சொல்லித்தான் மூடும்."

 கீழே கிரைண்டர் சத்தம் நின்றிருந்தது; ஷெட்டில் இருந்தவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்டுப் புள்ளையாட்டம் வெச்சிருந்தேன் உன்னைய" என்றார்.

"மேஸ்திரியையும் அப்படித்தான் வெச்சிருந்தீங்க."

"எந்திரி. கம்ப்யூட்டர அவங்கிட்டக் குடுத்துட்டுக் கெளம்பு. இந்தப் பக்கம் காலு வெக்காத."

"போறேனுங்ணா. சர்வேயர் வர்றப்ப வாரேன்."

"வருவியா? கேட்ட மூடச் சொல்லுவேன்."

"ரோட்டுல நின்னு சொல்லுவேன். ஷெட்டுக்கே கேக்கும்."

பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி கௌதமனிடம் கொடுத்தாள். இனி அதை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அதை வைத்து யாரும் பழைய படம் எதையும் அழிக்க முடியாது. கைப்பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.  ஷெட்டில் வழியில் கிடந்த வெல்டிங் கேபிளை ஒருவன் காலால் ஒதுக்கி வழி விட்டான்.

தார்ப்பாய்க் கடையில் மொய்தீன் அவளைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டார். வேலை போச்சா என்று கேட்கவில்லை. உட்கார முக்காலியை நகர்த்திப் போட்டார். அவள் அதைக் கடைக்கு முன்னால், பட்டறை கேட் நேராகத் தெரிகிற இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சேஸிஸ்கள் ஒவ்வொன்றாக ஊரைக் கடந்துகொண்டிருந்தன. கூரையும் கதவும் இல்லாத வண்டியில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலேயே ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவர்கள். இவர்களுக்குப் பின்னால்தான் நாளைக்கு ஒரு தடுப்பு எழும்பும். அதில் எத்தனை சேனல் என்று இவர்களில் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை, பட்டறையை நம்பி ஏறி உட்காருவார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் மட்டும் மிஞ்சியது. வேலுசாமி மேல் மட்டும் இல்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே வந்த ஒரு போனுக்கு, ஏனுங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல் கோட்டை அழித்த தன் மேலும்தான்.

மத்தியானம் சின்னுசாமி சைக்கிளில் வந்தார். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துவைத்த வெள்ளைச் சட்டை, காலர் பட்டன்வரை போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகிற ஆள் மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் சர்வேயரின் கார் வந்து உள்ளே போனது. மெஹ்ரீன் எழுந்தாள்.

"இரு" என்றார் மொய்தீன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். "வண்டி வேகமா வருது. பாத்துப் போவோணும்." ரோட்டைத் தாண்டியதும் அவர் நிற்கவில்லை. அவளுக்கு ஓர் அடி பின்னால் வந்துகொண்டேயிருந்தார்.

கேட்டை யாரும் மூடவில்லை. காவல்காரர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மாடி அறையில் சர்வேயர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலுப்பான முகம், மடியில் ஃபைல். கௌதமன் திரையில் மூன்று சேனல் உள்ள படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். சின்னுசாமி சுவரோரமாக நின்றார். மெஹ்ரீன் உள்ளே நுழைந்ததும் வேலுசாமி எழுந்திருக்கப் பார்த்தார், சர்வேயர் இருக்கிறார் என்பதால் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க யாரும்மா?"

"இங்க படம் போட்டவளுங்க சார். இன்னிக்குக் காத்தாலவரைக்கும்."

"சொல்லுங்க."

"நீங்க பாக்கறது விபத்துக்கு மறுநாள் சேமிச்ச படமுங்க. வண்டி கட்டுறப்ப கீழ டேப்புல இருந்தது வேற. பழைய வெர்ஷனத் தெறக்கச் சொல்லுங்க."

"பழசெல்லாம் ஆட்டோமேட்டிக்கா டெலீட் ஆயிரும் சார்" என்று ஆரம்பித்த கௌதமன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அப்பாவைப் பார்த்தான். வேலுசாமி ஜன்னலைப் பார்த்தார். சர்வேயர் முகத்திலிருந்த அலுப்பு போய்விட்டது.

"டெலீட் ஆகுமா, ஆகாதா தம்பி?"

"இது ஆகாது சார்."

"அப்போ தெறங்க."

கௌதமன் திறந்தான். மூன்று கோடாக இருந்த தடுப்பு இரண்டு கோடாக மாறியது. ஓரத்தில் தேதியும் பெயரும் இருந்தன. சர்வேயர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தார்.

"மெஹ்ரீன்ங்கறது?"

கதவுப் பக்கத்தில் மொய்தீன் மூச்சை இழுத்துப் பிடித்தது அவளுக்குக் கேட்டது.

"நான்தாங்க சார். நடுச் சேனல என்ற கையாலதான் எடுத்தேன். யாரு சொல்லி எடுத்தேன்னு கேளுங்க, சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா மேஸ்திரி எதையும் திருடல. படத்துல இருந்தத அப்படியே கட்டுனாரு."

  சர்வேயர் தாளில் எதுவும் எழுதவில்லை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சின்னுசாமி சுவரை விட்டு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மெஹ்ரீனைத் தாண்டி, முதலாளியைத் தாண்டி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்றார். வெல்டிங் பொறி பட்டுக் கருத்த ஆள்காட்டி விரலை நீட்டி, இந்தப் பக்கத்துக் கோட்டை மேலிருந்து கீழாகத் தடவினார். அந்தப் பக்கத்துக் கோட்டையும் அப்படியே தடவினார். பிறகு அவர் விரல் நடுவிலிருந்த வெற்றிடத்துக்கு வந்து, அங்கேயே அழுந்தி நின்றது.